டிக்கட் வெட்டியாச்சு: கையில் தந்த தாளை யார் வாசிப்பது?

"டிக்கட் வெட்டியாச்சு" என்ற வார்த்தையைக் கேட்காத வீடு எமது பாலாவிப் பகுதியில் இருக்காது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்பதை நாம் அப்படித்தான் சொல்கிறோம். வடக்கிலிருந்து வந்து இங்கே வாழ்பவர்கள் "துண்டு வெட்டியாச்சு" என்பார்கள். சிங்களச் சகோதரர்களும் "டிக்கட் கெபுவா" என்றே சொல்கிறார்கள். எல்லாப் பேச்சிலும் ஏதோ ஒன்று வெட்டப்படுகிறது. ஆனால் வெட்டப்படுவது எது, அதன் பிறகு எமது கையில் மிஞ்சுவது எது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

டிக்கட் என்பது பெட் ஹெட் டிக்கட். ஒரு காலத்தில் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடப்பட்டதால் அந்தப் பெயர். அனுமதிக்கப்பட்ட நேரம் முதல் வைத்தியர் பார்த்தது, தாதி கொடுத்த மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு என அனைத்தும் அதில்தான் எழுதப்படுகின்றன. நோயாளி போகும்போது அது அவரோடு போவதில்லை. பதிவேட்டு அறைக்குப் போகிறது. அங்கே நோயின் பெயர் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு எண்ணாக மாற்றப்பட்டு, நாட்டின் நோய்ப் புள்ளிவிபரத்தில் சேர்கிறது. எமது கைக்கு வருவது டயக்னோசிஸ் கார்ட் என்ற ஒற்றைத் தாள். பத்து நாள் கதையை அரைப் பக்கத்தில் சுருக்கிய தாள் அது. பேச்சில் பெயர் டிக்கட்டுக்கு, வீட்டுக்கு வந்த பிறகு வேலை முழுவதும் கார்டுக்கு.

நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கும் ஓர் ஆசிரியை. ஆனால் எமது ஊர்களில் ஆசிரியை என்றால் வேறு ஒரு வேலையும் தானாகச் சேர்ந்துவிடும். அஸர் தொழுகைக்குப் பிறகு யாராவது ஒருவர் கேட்டைத் தட்டுவார். "டீச்சர், உம்மாக்கு டிக்கட் வெட்டிட்டாங்க. இதுல என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்களேன்." இப்படி வாசித்த கார்டுகள் நூறுக்கு மேல் இருக்கும். மருந்து பற்றி நான் ஆலோசனை சொல்வதில்லை. எழுதியிருப்பதை மட்டும் வாசித்துச் சொல்வேன், புரியாததை தாதியாக இருக்கும் என் சாச்சியின் மகளிடம் தொலைபேசியில் கேட்பேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எமது வீதியில் வசிக்கும் ஒரு நானாவுக்கு மாரடைப்பு வந்தது. வெளி மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் சிகிச்சை பெற்று, செப்டெம்பர் மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். கார்டின் கடைசி வரியில் மீண்டும் காட்ட வேண்டிய காலம் "1/12" என்று இருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் அதை டிசம்பர் முதலாம் திகதி என்று வாசித்தான். யார் வாசித்தாலும் அப்படித்தான் வாசிப்பார்கள். தந்த மருந்து ஒரு மாதத்துக்கு. அது முடிந்ததும், கிளினிக் டிசம்பரில்தானே என்று நானா சும்மா இருந்துவிட்டார். நவம்பர் நடுவில் மறுபடியும் நெஞ்சு வலி, மறுபடியும் அம்பியூலன்ஸ். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். கார்ட் என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

1/12 என்றால் வருடத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதம். 2/52 என்றால் ஐம்பத்திரண்டு வாரங்களில் இரண்டு, அதாவது இரண்டு வாரம். 5/7 என்றால் ஐந்து நாள். பிரித்தானிய வைத்தியர்கள் விட்டுச் சென்ற சுருக்கெழுத்து இது, இன்றும் எமது வைத்தியசாலைகளில் பழக்கத்தில் இருக்கிறது. மருந்துக்குப் பக்கத்தில் வருபவை இலத்தீன் சுருக்கங்கள். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, பீ.டி. என்றால் இரு முறை, டீ.டி.எஸ். என்றால் மூன்று முறை. மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவற்றை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பாடசாலையில் நான் க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லைதான், ஆனால் பல வீடுகளில் ஆங்கில எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

இதில் வைத்தியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்தச் சுருக்கங்கள் வைத்தியருக்கு வைத்தியர் எழுதுபவை. இங்கிலாந்தில் வைத்தியசாலையை விட்டு ஒருவர் வெளியேறினால், 24 மணித்தியாலத்துக்குள் அவரது குடும்ப வைத்தியருக்கு விடுவிப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களது சுகாதார சேவையின் விதி. எமது நாட்டில் அப்படி ஒவ்வொருவருக்கும் பதிவு செய்யப்பட்ட குடும்ப வைத்தியர் கிடையாது. ஆகவே கடிதம் நோயாளியின் கையிலேயே கொடுக்கப்படுகிறது. தபாலும் அவரே, தபால்காரரும் அவரே. தபால்காரருக்குக் கடிதத்தை வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் இந்தத் தபால்காரர் அதன்படி மருந்தும் குடிக்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துப் பாதுகாப்புக்கான உலகளாவிய திட்டத்தை ஆரம்பித்தபோது, கூடிய கவனம் தேவைப்படும் மூன்று விடயங்களில் ஒன்றாக நோயாளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் வேளையைக் குறிப்பிட்டது. வாட்டிலிருந்து வீட்டுக்கு வருவதும் அப்படி ஒரு மாற்றம்தான்.

காலையிலிருந்து பகல் வரை

காலையில் விசேட வைத்திய நிபுணர் வாட்டைச் சுற்றி வரும்போது "போகலாம்" என்பார். வீட்டுக்குத் தகவல் பறக்கும். பாலாவிச் சந்தியில் ஓட்டோ பேசி, பத்து மணிக்கே ஆட்கள் வாசலில் நிற்பார்கள். பகல் இரண்டு மணியாகியும் நோயாளி வெளியே வரமாட்டார். கோபம் தாதிமீது பாயும்.

அந்த இடைவேளையில் நடப்பது இதுதான். நிபுணர் சொன்னது டிக்கட்டில் பதியப்பட வேண்டும். வாட்டின் இளம் வைத்தியர் கார்டை எழுத வேண்டும். அதே கைகள்தான் அன்று புதிதாக வந்தவர்களையும் பார்க்கின்றன, இரத்தமும் எடுக்கின்றன. கார்ட் எழுதிய பிறகு வீட்டுக்குக் கொண்டு போகும் மருந்து பார்மசியிலிருந்து வர வேண்டும். கிளினிக் தேவைப்பட்டால் அதற்கான பதிவு வேண்டும். பிறகுதான் வாட்டின் பதிவேட்டில் வெளியேறியதாக எழுதப்படும். இதில் கார்ட் எழுதும் கட்டம்தான் முக்கியம். அதைத்தான் நாம் அவசரப்படுத்துகிறோம். அவசரப்படுத்திப் பெற்ற கார்டில் மூன்று வரிதான் இருக்கும். ஓட்டோவை ஒரு மணிக்கு வரச் சொல்லுங்கள், காத்திருப்புக் காசும் மிச்சம்.

கார்டைக் கையில் வாங்கிய பிறகு வாட்டை விட்டு உடனே இறங்க வேண்டாம். என்ன நோய் என்று ஒரு வசனத்தில் தமிழில் கேளுங்கள். முன்னர் குடித்துவந்த பிரஷர், சீனி மருந்துகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வீட்டில் பழைய குளிசையும் புதிய குளிசையும் சேர்ந்து போகின்றன. மருந்துக்குக் கம்பனிப் பெயர் ஒன்று, பொதுப் பெயர் ஒன்று இருப்பதால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் குடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். வைத்தியசாலைப் பார்மசி தந்த லொசார்டன் ஒரு பக்கம், வெளியே வாங்கிய வேறு பெயருடைய அதே லொசார்டன் மறுபக்கம். பழைய மருந்துப் பையையே வாட்டுக்குக் கொண்டுபோய்த் தாதியின் முன்னால் கொட்டிக் காட்டுவது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரமழான் நெருங்கும் காலத்தில் விடுவிக்கப்படுபவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பீ.டி. என்பதை ஸஹருக்கும் இப்தாருக்கும் என்று நாமாகவே பிரித்துக்கொள்கிறோம். சில மருந்துகளுக்கு அது பொருந்தலாம். இன்சுலினுக்கும் சீனி வியாதிக் குளிசைகளுக்கும் அளவையே மாற்ற வேண்டி வரும், சிலருக்கு நோன்பே ஆபத்தாக முடியும். "நோன்பு பிடிக்கலாமா" என்ற கேள்வியை மௌலவியிடம் கேட்பதற்கு முன், கார்ட் எழுதிய வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். மௌலவியும் வைத்தியர் என்ன சொன்னார் என்றுதான் முதலில் கேட்பார்.

தமிழில் விளக்கம் கேட்பது சலுகை அல்ல. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழி. வாட்டில் தமிழ் தெரிந்த வைத்தியர் இல்லாவிட்டாலும் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் எங்காவது இருப்பார். மரியாதையாகக் கேட்டால் கூப்பிட்டுத் தருவார்கள்.

எந்த விலாசம்?

இது எமது பகுதிக்கே உரிய சிக்கல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்கள் பாலாவி முதல் கற்பிட்டி வரை பரந்து வாழ்கின்றன. பலருக்கு அடையாள அட்டையில் முசலி, எருக்கலம்பிட்டி, யாழ்ப்பாண விலாசங்கள். அனுமதியின்போது அடையாள அட்டையை நீட்டினால் எழுதுபவர் அந்த விலாசத்தையே எழுதுவார். அதனால் என்ன என்று கேட்கலாம். டெங்கு என்று சந்தேகித்தாலே வைத்தியசாலை 544 இலக்கப் படிவத்தில், நோயாளி வசிக்கும் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கும். அதைக் கொண்டுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார், நுளம்பு பெருகும் இடத்தைத் தேடுவார். விலாசம் மன்னாருடையது என்றால் அறிவித்தல் மன்னாருக்குப் போகும். நுளம்பு இங்கே பாலாவியில் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடித்துக்கொண்டிருக்கும். வாக்கு எங்கே என்பது வேறு விடயம், இரவில் எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் வைத்தியசாலைக்குத் தேவை.

பிரசவத்திலும் இதே கதை. தாய் வீடு திரும்பிய முதல் பத்து நாட்களுக்குள் குடும்ப நல உத்தியோகத்தர் இரண்டு தடவையாவது வந்து தாயையும் சேயையும் பார்க்க வேண்டும். இரத்தப்போக்கும் காய்ச்சலும் பிள்ளையின் மஞ்சள் நிறமும் கண்டுபிடிக்கப்படுவது அந்த நாட்களில்தான். பிரசவத்துக்காக உம்மா வீட்டுக்கு வந்த பெண் எங்கே போய் இருக்கப் போகிறாள் என்பதை வாட்டில் சொல்ல வேண்டும். வந்தவுடன் உம்மா வீட்டுப் பகுதி உத்தியோகத்தருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் இன்னும் நல்லது. கர்ப்பகாலப் பதிவேட்டில் வைத்தியசாலை நிரப்ப வேண்டிய பகுதி நிரப்பப்பட்டிருக்கிறதா, பிள்ளைக்குப் பீ.சீ.ஜீ. ஊசி போட்டு சுகாதாரப் புத்தகத்தில் பதிந்தார்களா என்று வெளியேறும் முன் திறந்து பாருங்கள்.

பிறப்புப் பதிவு 42 நாட்களுக்குள், பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் செய்யப்பட வேண்டும், வசிக்கும் இடத்தில் அல்ல. கொழும்பில் பிறந்த பிள்ளைக்குப் பாலாவியில் பதிய முடியாது. பெற்றோரின் பெயர் எழுத்தையும் அங்கேயே சரி பாருங்கள். முதலாம் தர அனுமதிக் காலத்தில் என் மேசைக்கு வரும் பிறப்புச் சான்றிதழ்களில் உம்மாவின் பெயர் ஒரு மாதிரி, அவரது அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஃபாத்திமா, பாதிமா, பாத்திமா என்று மூன்று பிள்ளைகளுக்கு மூன்று உம்மாமார் போலிருக்கும். ஆறு வருடம் கழித்துத் திருத்த அலைவதைவிட, அன்றைக்கு அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவது இலகு.

கையொப்பம் வைத்து வெளியேறுதல்

"சைன் பண்ணிட்டுக் கூட்டிட்டு வந்திட்டோம்" என்பதை நான் அடிக்கடி கேட்கிறேன். வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறுவது இது. டிக்கட்டில் அவ்வாறு எழுதி நோயாளியிடம் கையொப்பம் வாங்குவார்கள். சுயநினைவுள்ள வளர்ந்த ஒருவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் உரிமை நோயாளிக்கு உரியது. மனைவி கட்டிலில் விழித்துக்கொண்டு இருக்க, கணவனோ நானாவோ கையொப்பம் வைத்து அழைத்து வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை, சமைக்க ஆளில்லை என்பதெல்லாம் அவளது சிறுநீரகத்துக்குத் தெரியாது.

இதில் இரண்டு வகை உண்டு. வீட்டுக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தத்தை நிபுணரிடம் சொல்லி, அவரும் இணங்கினால், கார்டும் மருந்தும் கிளினிக் திகதியும் ஒழுங்காகக் கிடைக்கும். சண்டை பிடித்துக் கையொப்பம் வைத்து வந்தால் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவீர்கள். சொல்லாமல் ஓடி வந்துவிட்டால் காணாமல் போனவர் என்று பதிந்து பொலிஸுக்கு அறிவிப்பார்கள். ஆகவே முதலில் பேசிப் பாருங்கள். கையொப்பம் வைத்துவிட்டால் இனி அந்த வைத்தியசாலையில் சேர்க்க மாட்டார்கள் என்ற பேச்சு தவறு. நோய் கூடினால் அதே வைத்தியசாலைக்கு அன்றிரவே திரும்பிப் போகலாம். அந்தப் பயத்தில் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

விபத்து, அடிதடி, தீக்காயம், நஞ்சு ஆகியவற்றில் வைத்தியர் "போகலாம்" என்றாலும் இன்னொரு கட்டம் இருக்கிறது. பொலிஸார் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைத் தருவார்கள். சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பார்த்துப் பதிவார். அதற்காக ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்க நேரிடலாம். எமது கொழும்பு வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் நடக்காத வாரம் இல்லை. காத்திருக்கச் சலித்து வந்துவிட்டவர்கள், நட்டஈட்டு வழக்கு வரும்போது காயத்துக்கு ஆதாரம் தேடுகிறார்கள். காயம் ஆறிவிட்டிருக்கும்.

பெண் ஒருத்தி வீட்டில் அடி வாங்கி வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். "மாடிப்படியில விழுந்திட்டா" என்று சொல்லச் சொல்லிக் கூடவே ஆள் நிற்கும், சட்ட வைத்திய அதிகாரி வருமுன் அழைத்துச் செல்ல அவசரப்படும். மாடியே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் இதே காரணம் சொல்லப்பட்டதை அறிவேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கலாம். அதற்கு அந்தப் பதிவு பெரும் துணை. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்ற பெயரில், சிங்களத்தில் மிதுறு பியச என்று, இப்படிப்பட்ட பெண்களுக்காக ஒரு பிரிவு இயங்குகிறது. தாதியிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் அங்கே அழைத்துச் செல்வார்கள்.

மௌத்தும் ஒரு வெளியேற்றம்தான்

நோயாளி இனித் தேறமாட்டார் என்று தெரிந்ததும், வீட்டுக்குக் கொண்டுபோய் கலிமா சொல்லிக் கொடுத்து வழியனுப்பவே எமது குடும்பங்கள் விரும்புகின்றன. அது நியாயமான ஆசை. வைத்தியரிடம் அதை வெளிப்படையாகச் சொன்னால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள், வலிக்கு மருந்தும் தருவார்கள். கார்டைப் பத்திரமாக வாங்கி வருவதுதான் இங்கே முக்கியம்.

காரணம் இதுதான். வைத்தியசாலையில் மௌத்தானால் மரணத்துக்கான காரணத்தை வைத்தியர் படிவத்தில் எழுதித் தருவார், அதைக் கொண்டு பதிவாளரிடம் பதியலாம். வீட்டில் மௌத்தானால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை தேவை. காரணம் தெரியாத திடீர் மரணமாகவோ விபத்தாகவோ சந்தேகத்துக்கு இடமானதாகவோ இருந்தால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி விசாரணை நடக்கும். திடீர் மரண விசாரணை அதிகாரி பிரேத பரிசோதனைக்கு உத்தரவிடவும் கூடும். அப்போது ஜனாஸா தாமதமாகிறது, வீட்டில் பதற்றம், பள்ளிவாசல் நிருவாகத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. நான்கு மாதங்களுக்கு முந்திய கார்டும் கிளினிக் புத்தகமும் கையில் இருந்தால், இவருக்கு இன்ன நோய் இருந்தது என்பதை விசாரணை அதிகாரியும் வைத்தியரும் தாளைப் பார்த்தே அறிவார்கள். அதிகாரி எந்த முடிவை எடுத்தாலும் அதை விரைவில் எடுக்க அந்தத் தாள் உதவும். மருந்துப் பையோடு சேர்த்துக் கார்டையும் குப்பையில் போடுகின்ற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு ஜனாஸாவைப் பெற்றுக்கொள்வது எத்தனை பெரிய விடயம் என்பதை எமக்குக் கொரோனாக் காலம் கற்பித்தது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி 25 வர்த்தமானிதான் அடக்கத்துக்கு வழிவிட்டது, அதுவும் ஓட்டமாவடியில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. வாட்டின் வாசலில் கையொப்பமிட மறுத்து நின்ற பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

தூரத்து வைத்தியசாலைகள்

புத்தளத்திலிருந்து சிலாபத்துக்கோ குருநாகலுக்கோ மாற்றப்படுபவர்கள் பலர். மாற்றும்போது முதல் வைத்தியசாலையின் டிக்கட் அங்கேயே தங்கிவிடும், கூடப் போவது மாற்றல் கடிதம் மட்டும். சிகிச்சை முடிந்து குருநாகலில் டிக்கட் வெட்டினால் கிளினிக்கும் குருநாகலிலேயே போடப்படும். மாதாமாதம் அதிகாலையில் பஸ் ஏறுகிறார்கள், ஒரு நாள் கூலி போகிறது, நான்காவது மாதத்தில் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வெளியேறும் நாளிலேயே, "எங்களுக்குப் பக்கத்தில இருக்கிறது புத்தளம் ஹொஸ்பிடல், அங்க கிளினிக்குக்குக் கடிதம் தர ஏலுமா டொக்டர்?" என்று கேளுங்கள். எல்லா நோய்க்கும் முடியாது. முடிந்த இடத்தில் தருகிறார்கள், கேட்பவருக்குத்தான் தருகிறார்கள்.

வீடு திரும்ப 1990 அம்பியூலன்ஸ் வராது. அந்தச் சுவசெரிய சேவை அவசர நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கு மட்டுமே. அந்த இலக்கத்தைக் கேட்டால் வடக்கிலிருந்து வந்த எமது மூத்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும், ஆனாலும் தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தனியார் வைத்தியசாலையில் தாமதத்துக்குக் காரணம் கார்ட் அல்ல, பில். காப்புறுதிக் கம்பனியின் சம்மதத்துக்காகக் குணமானவர் மேலும் ஒரு இரவு படுத்துக் கிடப்பதும் உண்டு. இந்தியாவில் 2024இல் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் அதிகார சபை, விடுவிப்புக் கோரிக்கை கிடைத்து மூன்று மணித்தியாலத்துக்குள் கம்பனி பதில் தர வேண்டும் என்று விதித்தது. எமது நாட்டிலும் அப்படியொன்று வந்தால் நல்லது. அதுவரை, பில்லை வரிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதியை மறந்துவிடுகிறார்கள். என் சக ஆசிரியர்களும் அப்படித்தான். மாதச் சம்பளத்தில் காசு போகிறது, கோரிக்கை போடுவதில்லை. மாணவர்களுக்கான சுரக்ஷா காப்புறுதி 2017இல் ஆரம்பித்து, இடையில் நின்று, 2024இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் கார்ட் அவசியம். மூலப்பிரதியைக் கொடுக்குமுன் போட்டோப் பிரதி எடுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள்.

கார்ட் தொலைந்துவிட்டால் என்ன செய்வது? டிக்கட் இலக்கம், வாட் இலக்கம், வெளியேறிய திகதி ஆகியவற்றோடு வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதலாம். பதிவேட்டு அறையில் டிக்கட்டைத் தேடுவார்கள். இலக்கம் இல்லாவிட்டால் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான், அதனால்தான் படம் பிடிக்கச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒருவரின் மருத்துவப் பதிவுகளைப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் உரியவரே எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை. உங்கள் பதிவை நீங்களே கேட்கும்போது அந்தச் சம்மதத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனாஸா வாகனம் இல்லாத மஹல்லா இப்போது குறைவு. குளிப்பாட்ட, கபனிட, கப்று தோண்ட ஆள் பட்டியல் இருக்கிறது. உயிரோடு வீடு திரும்புபவருக்காக அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்வுபெற்ற தாதி ஒருவரோ, பார்மசியில் வேலை செய்யும் பிள்ளை ஒருவரோ இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், பெண்களுக்கும் வர வசதியான ஓர் இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். கார்டோடு வருபவர்களுக்கு 1/12 என்றால் என்ன என்று சொல்லவும், அடுத்த கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டுக் கொடுக்கவும் அந்த ஒரு மணித்தியாலம் போதும்.